மூர் வேடமேற்ற கறுப்பு மனிதர்: ஐரா ஆல்ட்ரிட்ஜின் நாடக வாழ்வு

'மூர்' என்ற சொல் நமக்குப் புதியதல்ல. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், ஸ்பெயினிலும் வட ஆபிரிக்காவிலும் தாம் பகைகொண்டு பழகிய முஸ்லிம்களுக்கு இட்டிருந்த பெயரையே இங்கிருந்த முஸ்லிம்களுக்கும் இட்டனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனைத் தொடர்ந்தனர். நாம் நம்மைச் சோனகர் என்று சொல்லிக்கொண்டிருக்க, அரச பதிவேடுகளின் ஆங்கிலப் பக்கங்களில் நாம் 'மூர்'களானோம். நம்மை எவ்வாறு அழைப்பது என்பதைப் பிறர் தீர்மானித்த வரலாறு அது.

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவும் ஒரு 'மூர்'தான். நாடகத்தின் முழுத் தலைப்பே 'வெனிஸ் நகரத்து மூர்' என்று அவனை அடையாளப்படுத்துகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்நாடகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தின் அரங்குகளில் ஆடப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளும் முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளை நடிகர்களே ஒத்தெல்லோவாகத் தோன்றினர். ஒரு கறுப்பு மனிதனின் காதலையும் சந்தேகத்தையும் அழிவையும் கண்டு கண்ணீர் விட்ட அதே இரசிகர்களுக்கு, அந்தப் பாத்திரத்தை உண்மையான ஒரு கறுப்பு மனிதர் ஏற்கலாம் என்பது நினைத்தும் பார்க்க முடியாத ஒன்றாக இருந்தது.

அந்த வழமையை உடைத்தவர் ஐரா ஆல்ட்ரிட்ஜ். 'இங்கிலாந்தின் முதல் கறுப்பு ஒத்தெல்லோ' என்ற ஒற்றை வரியில் அவரை அடக்கிவிடுவது நாடக வரலாற்று நூல்களின் வழக்கம். ஆனால் அவரது வாழ்வை ஊன்றிப் பார்ப்பவருக்கு வேறொன்றும் தென்படும். நடிப்பதற்குத் திறமை மட்டும் அவருக்குப் போதுமானதாக இருக்கவில்லை. மேடையைத் தேடிக்கொள்வது, விளம்பரத்தை வடிவமைப்பது, தனக்கேற்ற பாத்திரங்களை உருவாக்கிக்கொள்வது, கதவடைத்த நகரத்தை விட்டு அடுத்த நகரத்துக்குப் போவது ஆகிய அனைத்தையும் அவரே செய்ய நேர்ந்தது. அவர் நடிகராக நிலைத்திருந்ததற்கு அவருள் இருந்த முகாமையாளரே காரணம் என்பது எனது எண்ணம்.

ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1807 ஜூலை 24ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். அம்மாநிலத்தில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்படுவதற்கு அப்போது இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. எனினும் அவரது குடும்பம் சுதந்திரக் கறுப்பர் குடும்பம். தந்தை டேனியல் வைக்கோல் விற்றுப் பிழைத்தவர். தேவாலயத்தில் பிரசங்கமும் செய்து வந்தார். மகனும் மதபோதகராக வேண்டும் என்பது அவரது ஆசை. கறுப்பினப் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட 'ஆபிரிக்க இலவசப் பாடசாலை'யில் மகனைச் சேர்த்தார். ஆனால் சிறுவனின் மனம் பிரசங்க மேடையில் நிற்கவில்லை. நாடக மேடைக்குத் தாவியது.

அதற்கு வாய்ப்பாக அமைந்தது வில்லியம் பிரவுண் என்பவரின் முயற்சி. கப்பலில் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற இந்தக் கறுப்பர், 1821இல் நியூயோர்க்கில் கறுப்பர்களுக்கான ஒரு பொழுதுபோக்குத் தோட்டத்தைத் தொடங்கினார். அது விரைவிலேயே 'ஆபிரிக்க அரங்கு' ஆக வளர்ந்தது. கறுப்பு நடிகர்கள் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டை அங்கு நடித்தனர். ஜேம்ஸ் ஹியூலட் அதன் முன்னணி நடிகர். நகரின் வெள்ளையருக்கு அது முதலில் வேடிக்கையாகவும் பின்னர் எரிச்சலாகவும் இருந்தது. 1822இல் காலிகள் அரங்கினுள் புகுந்து தாக்கினர். பொலிசார் மேடையேறி நடிகர்களையே கைதுசெய்ததும் நடந்தது. இனிமேல் ஷேக்ஸ்பியரை நடிப்பதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டே அவர்களை விடுவித்தார்கள் என்று அக்காலப் பத்திரிகைச் செய்தி கூறுகிறது. ஷேக்ஸ்பியர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நியூயோர்க் பொலிசார் அளித்த பதில் அது!

ஆல்ட்ரிட்ஜ் பதின்ம வயதில் இந்தச் சூழலில்தான் நடிக்கத் தொடங்கினார். ஸ்பானியப் படையெடுப்பை எதிர்த்து நிற்கும் பெரு நாட்டு வீரன் ரோலா, அவரது ஆரம்ப வேடங்களில் ஒன்று. அமெரிக்காவில் தனக்கு எதிர்காலம் இல்லை என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். 1824இல் கப்பலில் பணியாளராக வேலைசெய்து கொண்டே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அதன்பின் அவர் தாயகத்தில் கால்வைக்கவே இல்லை.

1825இல் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்த ஒரு சிறிய அரங்கில் அவர் ஒத்தெல்லோவாகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 17. அதே ஆண்டு ஒக்டோபரில், இன்று 'ஓல்ட் விக்' எனப்படும் ரோயல் கோபர்க் அரங்கில், சுரினாம் அடிமைக் கிளர்ச்சியைப் பற்றிய நாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றார். 'டைம்ஸ்' பத்திரிகை அவரது நடிப்பை ஆராயவில்லை; அவரது உதடுகளை ஆராய்ந்தது. அவற்றின் அமைப்பு காரணமாக இவரால் ஆங்கிலத்தைச் சரிவர உச்சரிக்கவே இயலாது என்று அதன் விமர்சகர் எழுதினார். அரங்கில் இருந்தவர்களோ அவரை வரவேற்றனர். அச்சில் இகழ்ச்சியும் அரங்கில் கைதட்டலுமாக அன்று தொடங்கிய முரண்பாடு லண்டனில் பல காலம் அவரைத் தொடர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் யோர்க்சயரைச் சேர்ந்த மார்கரெட் கில் என்ற வெள்ளைப் பெண்ணை மணந்தார். இகழ்வதற்கு அது இன்னொரு காரணமாயிற்று.

லண்டன் கதவைப் பாதி திறந்து பாதி மூடிய நிலையில், ஆல்ட்ரிட்ஜ் மாகாண நகரங்களை நோக்கி நடந்தார். அக்காலத்து மாகாண அரங்க முறையைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நகரத்து அரங்கிலும் ஒரு நிலையான நடிகர் குழு இருக்கும். வெளியூர் நட்சத்திர நடிகர் வந்து சில நாட்கள் தங்கி, அக்குழுவோடு ஒன்றிரண்டு ஒத்திகைகள் மட்டும் பார்த்துவிட்டு முக்கிய வேடங்களில் நடிப்பார். ஓர் இரவில் ஒரு நாடகம் போதாது. முதலில் ஒரு சோக நாடகம், பின்னர் ஒரு நகைச்சுவை நாடகம் என்று இரசிகர் எதிர்பார்ப்பர். இறுதி இரவின் வசூல் பெரும்பாலும் அந்நடிகருக்குரியது. எனவே அந்த இரவுக்குக் கூட்டம் சேர்ப்பது நடிகரின் சொந்தச் சாமர்த்தியம். அச்சிட்ட சுவரொட்டிகளே அதற்கான ஆயுதம்.

இந்த ஆயுதத்தைக் கையாள்வதில் ஆல்ட்ரிட்ஜ் வல்லவரானார். 'ஆபிரிக்க ரோசியஸ்' என்று தன்னை விளம்பரப்படுத்தினார். ரோசியஸ் பண்டைய ரோமாபுரியின் புகழ்மிக்க நடிகர்; அடிமையாகப் பிறந்தவர். சிறந்த நடிகர்களை ரோசியஸ் என அழைப்பது இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த வழக்கம்தான். ஆயினும் ஒரு கறுப்பு நடிகரின் பெயரோடு சேரும்போது அது புதிய பொருளைப் பெற்றது.

1828இல், தமது இருபதாவது வயதில், கொவென்ட்ரி நகரில் அவர் நடித்தபோது அவரது ஆற்றலையும் நடத்தையையும் கண்டவர்கள் அந்நகரின் அரங்கை நடத்தும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தனர். பிரித்தானியாவில் ஓர் அரங்கின் முகாமையாளரான முதலாவது கறுப்பர் அவரே. அதுவும், பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை சட்டப்படி நிலவிய காலத்தில். முகாமையாளர் என்றால் நாடகங்களைத் தெரிவது, நடிகர்களை அமர்த்திச் சம்பளம் கொடுப்பது, காட்சியமைப்பைக் கவனிப்பது, நகரத்துப் பிரமுகர்களின் ஆதரவைத் திரட்டுவது, நட்டத்துக்குப் பொறுப்பேற்பது என்று எல்லாமே. வெள்ளை நடிகர்களுக்கு ஒரு கறுப்பு இளைஞர் வேலை கொடுத்தார். அப்பொறுப்பு சில மாதங்களே நீடித்தது. ஆயினும் அந்த நாட்களில் கொவென்ட்ரி மக்கள் அடிமை முறையை ஒழிக்கக் கோரிப் பாராளுமன்றத்துக்கு மனுவொன்று அனுப்பினர். ஆல்ட்ரிட்ஜின் பேச்சும் அவர் அம்மக்கள் மத்தியில் வாழ்ந்த முறையும் அதற்கு உந்துதலாக இருந்தன என ஆய்வாளர் கருதுகின்றனர்.

அவர் ஏற்ற வேடங்களின் பட்டியலும் சிந்தனைக்குரியது. ஒத்தெல்லோவை விட்டால், அக்கால நாடகங்களில் கறுப்பருக்கோ மூர்களுக்கோ இருந்தவை இரண்டே வகை: பழிவாங்கும் வஞ்சகன் அல்லது சிரிப்பூட்டும் அடிமை. எட்வேட் யங் எழுதிய 'பழிவாங்கல்' என்ற நாடகத்தில் ஸ்பானியரிடம் சிறைப்பட்ட மூர் ஆகிய ஸங்கா முதல் வகை. 'கோட்டைப் பேய்' நாடகத்தில் வரும் ஆபிரிக்க அடிமையின் பெயர் ஹசன். 'பூட்டு' என்ற இசை நகைச்சுவையில் வரும் முங்கோ இரண்டாம் வகை. ஆல்ட்ரிட்ஜ் இவை எல்லாவற்றையும் ஏற்றார். ஒரே இரவில் ஒத்தெல்லோவாக அழவைத்துவிட்டு முங்கோவாகச் சிரிக்கவைப்பார். கறுப்பரால் துன்பியல் நடிக்க முடியாது என்றவருக்கும், அவருக்கு அது மட்டுமே இயல்பாக வருகிறது என்றவருக்கும் ஒரே சமயத்தில் கிடைத்த பதில் அது.

இவ்விடத்தில் இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். சார்ள்ஸ் மத்யூஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில நகைச்சுவை நடிகர் 1824இல் தமது அமெரிக்கப் பயணத்தைப் பற்றி ஒரு தனிநபர் நிகழ்ச்சி நடத்தினார். நியூயோர்க்கில் ஒரு கறுப்பு நடிகர் ஹம்லட்டின் வசனத்தைச் சிதைத்துப் பேசியதாகவும், கூட்டத்தினர் கேட்டவுடன் நாடகத்தை நிறுத்திவிட்டு ஓர் அடிமைப் பாடலைப் பாடியதாகவும் அதில் கேலி செய்தார். அந்த நடிகர் ஆல்ட்ரிட்ஜ்தான் என்று பலரும் நம்பினர். அப்படியொன்று நடக்கவே இல்லை என்று ஆல்ட்ரிட்ஜ் பகிரங்கமாக மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல், அந்தப் பாடலையே தமது நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார்! கேலியைப் பறித்துத் தமது வசூலாக மாற்றிய அந்தச் செயலில் வலியும் உண்டு, வணிகமும் உண்டு.

தமது பிறப்பைப் பற்றியும் அவர் ஒரு கதை பரப்பினார். தாம் செனகல் நாட்டு அரச குலத்தவர் என்றும், தமது பாட்டனார் ஓர் இளவரசர் என்றும் 1840களின் இறுதியில் வெளியான அவரது வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. வைக்கோல் வியாபாரியின் மகன் என்ற உண்மையை இங்கிலாந்தின் இரசிகர் விரும்பியிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு நாடிழந்த ஆபிரிக்க இளவரசன் தேவைப்பட்டான். ஒத்தெல்லோவும் தான் அரச வழித்தோன்றல் என்று சொல்பவன்தானே. இதனைப் பொய் என்று கண்டிப்பது எளிது. தன்னைப் பற்றி ஆயிரம் பொய்களைப் பிறர் சொல்லும் நாட்டில், தனக்குப் பிடித்த ஒரு பொய்யை அவர் தெரிந்தெடுத்தார் என்றே எனக்குப் படுகிறது.

1833ஆம் ஆண்டு வந்தது. அப்போது லண்டனில் முழுமையான வசன நாடகங்களை நடத்தும் சட்ட உரிமை, கோடையில் மட்டும் இயங்கிய ஹேமார்க்கெட் அரங்கை விட்டால், டிறூரி லேன், கொவென்ட் கார்டன் என்ற இரண்டு அரங்குகளுக்கே இருந்தது. ஒரு நடிகர் 'வந்து சேர்ந்தார்' என்பதற்கு அந்த மேடைகளே அடையாளம். மார்ச் 25ஆம் திகதி கொவென்ட் கார்டனில் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த மாபெரும் நடிகர் எட்மண்ட் கீன், இயாகோ வேடத்தில் நின்ற தமது மகன் சார்ள்ஸின் கைகளில் சரிந்தார். பின்னர் அவர் எழவில்லை. மே மாதம் காலமானார். அதே மேடையில், அதே வேடத்தில், ஏப்ரல் 10ஆம் திகதி ஆல்ட்ரிட்ஜ் தோன்றினார். டெஸ்டிமோனாவாக நடித்தவர் எலன் ட்ரீ.

பாராளுமன்றத்தில் அடிமை ஒழிப்பு விவாதம் சூடு பிடித்திருந்த நேரம் அது. மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் பணமும் செல்வாக்கும் லண்டனில் நிறைந்திருந்தன. அன்றைய இரசிகர்கள் கைதட்டினர். பத்திரிகைகள் சிலவோ கொதித்தெழுந்தன. நடிகர் மேடையேறுவதற்கு முன்பே அவரை விரட்டப்போவதாக ஒரு பத்திரிகை எச்சரித்திருந்தது. எலன் ட்ரீ போன்ற ஒரு பெண்மணியை மேடையில் ஒரு கறுப்பு மனிதர் தொடுவதைக் கண்ணியத்தின் பெயரால் ஆட்சேபிப்பதாக இலக்கிய மதிப்புமிக்க 'அதீனியம்' எழுதியது. கரி பூசிய வெள்ளையர் தொட்டபோது அந்தக் கண்ணியத்துக்கு எந்தப் பங்கமும் வரவில்லை. இரண்டு இரவுகளோடு கொவென்ட் கார்டனில் ஆல்ட்ரிட்ஜின் ஒத்தெல்லோ முடிந்துபோனது. அதே ஆண்டு ஓகஸ்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் கறுப்பருக்கு விடுதலை எழுதிய அந்த ஆண்டிலேயே, தலைநகரின் முதன்மை மேடை ஒரு கறுப்பரை இறக்கிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

அவர் முடங்கிவிடவில்லை. அடுத்து வந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து என்று மாகாண மேடைகளில் சுற்றினார். ஓர் ஊரில் நிகழ்ச்சிகள் முடியும் இரவில் திரைக்கு முன்வந்து, வேடமில்லாத மனிதராக நின்று, தமது இனத்தவர் படும் துயரையும் அடிமை முறையின் கொடுமையையும் பேசுவது அவரது வழக்கமாயிற்று. கறுப்புப் பாத்திரங்கள் தீர்ந்தபோது முகத்துக்கு வெள்ளைப் பூச்சிட்டு ஷைலொக்காக, மக்பெத்தாக, மூன்றாம் ரிச்சர்டாக, லியர் மன்னனாக நடித்தார். இருநூறு ஆண்டு வழக்கம் இங்கு தலைகீழாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் அண்ட்ரோனிக்கஸ்' நாடகத்தில் கொடியவனாக வரும் மூர் ஆரனை, நாடகத்தையே திருத்தி எழுதச் செய்து, மேன்மைமிக்க நாயகனாக மேடையேற்றினார். தனக்குப் பாத்திரம் இல்லாத இடத்தில் பாத்திரத்தை உண்டாக்கியது முகாமையாளரின் மூளை.

1852இல் ஒரு சிறிய ஆங்கில நடிகர் குழுவைத் திரட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கடல் கடந்தார். குழு விரைவில் கலைந்தது. ஆல்ட்ரிட்ஜ் தனியே தொடர்ந்தார். செல்லும் நகரத்து நடிகர்கள் தத்தம் மொழியில் பேச, இவர் ஆங்கிலத்தில் பேசுவார். இயாகோ ஜேர்மன் மொழியில் நஞ்சூட்ட, ஒத்தெல்லோ ஆங்கிலத்தில் துடிப்பான். மொழி விளங்காத மக்களும் முகத்தையும் குரலையும் விளங்கிக்கொண்டனர். ஆங்கிலத்தை உச்சரிக்க இயலாதவர் என்று 'டைம்ஸ்' தீர்ப்பளித்த மனிதர், ஆங்கிலம் அறியாத நாடுகளில் ஷேக்ஸ்பியரின் தூதுவரானார். 1853இல் பிரஷ்ய மன்னர் கலைக்கும் விஞ்ஞானத்துக்குமான தங்கப் பதக்கத்தை வழங்கினார். 1858இல் சாக்ஸ்-மைனிங்கன் சிற்றரசும் விருது அளித்துக் கௌரவித்தது.

அதே 1858இன் இறுதியில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் நிகழ்ந்த ஒரு நட்பு, அவரது வாழ்வின் மிக அழகான அத்தியாயம். உக்ரேனின் மகாகவி தாராஸ் ஷெவ்செங்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர். நண்பர்கள் பணம் திரட்டி அவரை மீட்டனர். பின்னர் சார் மன்னனின் ஆணையால் பத்தாண்டு நாடுகடத்தப்பட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கலைக்கழகத்தின் உபதலைவர் தோல்ஸ்தோய் பிரபுவின் வீட்டில், அவரது இளவயது மகள் மொழிபெயர்க்க, இருவரும் தத்தம் மக்களின் அடிமை வாழ்வைப் பற்றிப் பேசினர். ஷெவ்செங்கோ ஓவியரும் ஆவார். அந்த டிசம்பரில் அவர் வரைந்த ஆல்ட்ரிட்ஜின் உருவப்படம் இன்றும் உள்ளது. ருஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861இல். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ஷெவ்செங்கோ இறந்துவிட்டார்.

ஐரோப்பா கொண்டாடிய பின்னரே லண்டன் மனம் மாறியது. 1858இல் லைசியம் அரங்கிலும் 1865இல் ஹேமார்க்கெட் அரங்கிலும் அவர் ஒத்தெல்லோவாக நடித்தார். 1863இல் பிரித்தானியப் பிரசையானார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த அமெரிக்காவுக்குத் திரும்பி நடிப்பதற்கும் திட்டமிட்டார். அது கைகூடவில்லை. நிகழ்ச்சிக்காகச் சென்ற இடத்தில், 1867 ஓகஸ்ட் 7ஆம் திகதி, போலந்தின் வூட்ஜ் நகரில் காலமானார். வயது அறுபது. அங்குள்ள எவாஞ்சலிக்க மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்நகரத்துக் கலைஞர்கள் அக்கல்லறையைப் பேணி வருகின்றனர்.

பிள்ளைகளில் அமண்டா பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் ஆனார். 1930இல் போல் ரொப்சன் லண்டனில் ஒத்தெல்லோவாக நடித்தபோது, தந்தை அதே வேடத்தில் அணிந்த காதணிகளை அமண்டா அவரிடம் கொடுத்தார் என்பர். அந்த ஒரு சோடிக் காதணிக்கு இடையில் கிடப்பது கிட்டத்தட்ட நூறு ஆண்டு இடைவெளி. 2012இல் லொலிடா சக்ரபார்த்தி எழுதிய 'சிவப்பு வெல்வெட்' நாடகம் கொவென்ட் கார்டன் இரவுகளை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது. 2017இல் கொவென்ட்ரியில் அவர் நடத்திய அரங்கை நினைவூட்டும் பலகை திறக்கப்பட்டது.

ஆல்ட்ரிட்ஜின் வாழ்வை நாம் இன்று அறிய முடிவதற்குக் காரணம் பெரிய வரலாற்று நூல்கள் அல்ல. அவை நெடுங்காலம் அவரை ஓர் அடிக்குறிப்பாகக்கூட வைத்திருக்கவில்லை. 1958இல் ஹேர்பர்ட் மார்ஷலும் மில்ட்ரெட் ஸ்டொக்கும், பிற்காலத்தில் பேர்ன்த் லின்ட்போர்ஸும் அவரது கதையை மீட்டெடுத்தது, ஊருக்கு ஊர் ஒட்டப்பட்ட சுவரொட்டிகளையும் சிறு பத்திரிகைச் செய்திகளையும் பொறுக்கிச் சேர்த்துத்தான். கூட்டம் சேர்ப்பதற்காக அவர் அச்சிட்ட தாள்களே அவருக்குச் சாட்சியாயின. தம்மைப் பற்றி அவர் பரப்பிய கதையைத் திருத்தியதும் அதே போன்ற தாள்கள்தான்.

நமது ஊர்களிலும் கடற்கரை வாடியிலும் பாடசாலைக் கொட்டகையிலும் நாடகம் போட்டவர்கள் உண்டு. அவர்களின் அழைப்பிதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் எங்கோ ஒரு றங்குப் பெட்டியில் கறையானுக்காகக் காத்திருக்கின்றன. பிறர் இட்ட பெயரோடு வாழ்ந்த ஒரு சமூகம் தன் கதையைத் தானே சொல்ல வேண்டுமானால், அந்தப் பெட்டிகளைத் திறப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.